ஆணித் துளை வழியே வந்த சூரியன்

அடைத்த அறைக்குள் தர்ப்பைப்புல்லும் வேர்வையும் சேர்ந்து ஒரு வாடை வரும். உச்சி வேளையில் சன்னல் கதவுகளைச் சாத்தி, இடுக்கில் பழைய துணியைத் திணித்து, அதற்கு மேல் கம்பளியையும் தொங்கவிட்டு, விசிறி சுற்றினால் வெளிக்காற்றை உள்ளே இழுத்துவிடும் என்று அதையும் நிறுத்திவைத்த அறை அது. கதவுக்கு வெளியே தண்ணீர்க் குடத்தில் தர்ப்பை, ஊறுகாய்ச் சாடியில் தர்ப்பை, உப்புச் சட்டியில் தர்ப்பை, போதாக்குறைக்குப் பாயில் மல்லாக்கப் படுத்துக் கிடந்த என் அக்காவின் இடுப்பிலும் ஒரு துண்டு தர்ப்பை. ஒன்பது மாத வயிற்றோடு அவள் கையைக் காலை மடக்காமல் கட்டை மாதிரி கிடக்க வேண்டும். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவள் சொறியாமல், புரளாமல், நகத்தால் எதையும் கிள்ளாமல் காவல் காக்க வேண்டும். எனக்கு அப்போது பதினொரு வயது. இன்றைக்கும் எங்காவது தர்ப்பை வாடை மூக்கில் பட்டால் எனக்குப் பக்தி வருவதில்லை, ஆத்திரம்தான் பொத்துக்கொண்டு வருகிறது.

ஏன் ஆத்திரம் என்று கேட்பீர்கள். பொங்கலுக்கு மறுநாள், தை அமாவாசை. அன்று நண்பகலில் சூரியனை நிலா மறைக்கப்போகிறது, முழுசாக மறைக்காமல் சுற்றிலும் ஒரு வளையத்தை மட்டும் விட்டுவைக்கப்போகிறது, அந்த வளையம் நன்றாகத் தெரியக்கூடிய இடங்களில் எங்கள் தீவும் ஒன்று என்று பேப்பரில் நாள் தவறாமல் போட்டுக்கொண்டிருந்தார்கள். இராமேசுவரத்து விடுதிகளில் அறை கிடைக்கவில்லை. எந்தெந்த நாட்டிலிருந்தோ நீளமான குழாய்களைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆட்கள் வந்து இறங்கினார்கள். உலகத்தில் எத்தனை ஊர் இருக்கிறது, நிலாவின் நிழல் விழுவதற்கு எத்தனை கடலும் பாலைவனமும் சும்மா கிடக்கிறது! அத்தனையையும் விட்டுவிட்டு அக்காள்மடத்தில் எங்கள் தெருவுக்கு நேர் மேலே வந்து நிற்கிறேன் என்று அது சொல்லி அனுப்பியிருக்கிறது. நாங்கள் என்ன செய்தோம்? கதவைச் சாத்திக்கொண்டோம்.

இதில் பயப்பட ஒன்றுமில்லை என்று அன்றைக்கு யாரும் எனக்குச் சொல்லவில்லை. பின்னால் நானாகத்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். அமாவாசை என்றால் நிலா செத்துப்போன நாள் இல்லை. பூமியைச் சுற்றி வருகிற நிலா அன்றைக்குச் சூரியன் இருக்கிற பக்கமாக வந்துவிடுகிறது; வெளிச்சம் படுகிற முகம் அந்தப் பக்கம், இருட்டு முகம் நம் பக்கம், அதனால் நம் கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். அதன் பாதை கொஞ்சம் சாய்ந்திருப்பதால் பெரும்பாலும் சூரியனுக்கு மேலாகவோ கீழாகவோ விலகிப் போய்விடும். எப்போதாவது ஒரு அமாவாசைக்கு விலகாமல் நேர்க்கோட்டில் வந்து நின்றுவிடும். அன்றைக்கு நின்றது பூமியை விட்டுச் சற்றுத் தள்ளிப் போயிருந்த நிலா. தள்ளிப் போனதால் சிறுத்துத் தெரிந்தது. சிறுத்ததால் சூரியனை முழுக்க மூட முடியாமல் ஓரம் மிச்சமாகி வளையமாயிற்று. பெரிய சட்டியைச் சின்னத் தட்டால் மூடினால் என்ன ஆகுமோ அதுதான். இதில் பீடை எங்கே இருக்கிறது, தீட்டு எங்கே இருக்கிறது என்று நீங்களே சொல்லுங்கள்.

இத்தனைக்கும் எங்கள் வீடு சூரியன் சந்திரனைப் பற்றி ஒன்றும் தெரியாத வீடு இல்லை. எங்கள் அய்யாவின் பிழைப்பே அவற்றை நம்பித்தான் ஓடியது. அப்போது தனுஷ்கோடி வரைக்கும் தார்ச்சாலை கிடையாது. பாதி வழியோடு சாலை முடிந்துவிடும், அதற்கு மேல் மணலிலும் முழங்கால் தண்ணீரிலும் ஓடுவதற்கென்றே பழைய வேன்கள் இருந்தன. அய்யா அதில் ஒன்றை ஓட்டினார். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் சூரியனும் நிலாவும் சேர்ந்து இழுப்பதால் கடல் கூடுதலாக ஏறும், வேன் போகிற தடத்திலேயே தண்ணீர் வந்து நிற்கும். எப்போது ஏறும், எப்போது வற்றும் என்று யோசிக்காமல் வண்டியை எடுத்தால் சக்கரம் புதைந்து, காசு கொடுத்து ஏறியவர்களே இறங்கித் தள்ள வேண்டியதாகிவிடும். அதனால் அவர் பல் விளக்கும்போதே இன்றைக்கு என்ன திதி என்று அம்மாவிடம் கேட்பார். நிலாவின் போக்குவரத்தை வண்டிச் சக்கரத்தால் தெரிந்துவைத்திருந்த மனுசர் அவர். அந்த மனுசர்தான் அன்று காலையில் கறுப்புக் கண்ணாடியும் குழாயுமாக வந்திருந்த வெளியூர்க்காரர்களை ஏற்றிக்கொண்டு தனுஷ்கோடிக்குக் கிளம்பினார். கிளம்பும்போது வாசலில் நின்று அம்மாவிடம், "பிள்ளைகளை வெளிய விட்டுறாத, சன்னலை நல்லாச் சாத்து" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அக்காவை முதுகுளத்தூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் கொடுத்திருந்தோம். மிளகாய்க் காடு, ஆடு, மழையை நம்பிய வெள்ளாமை என்று இருந்த குடும்பம். ஏழாம் மாதம் வளைகாப்புப் போட்டுத் தலைப்பிரசவத்துக்கு அழைத்து வந்திருந்தோம். மச்சான் நல்லவர்தான், என்ன, அவர் வாய் திறக்க வேண்டிய இடத்திலெல்லாம் அவருடைய அம்மா வாய் திறந்துவிடுவார். பொங்கலன்று காலையிலிருந்தே அந்த அம்மாவிடமிருந்து போன் மேல் போன். வெளியே தலை காட்டக்கூடாது, அரிவாள்மனையைத் தொடக்கூடாது, ஊசி நூல் எடுக்கக்கூடாது, சொறிந்தால் பிள்ளைக்கு அங்கே மச்சம் விழும், காலை மடக்கினால் பிள்ளைக்குக் கால் மடங்கும், வெளிச்சம் பட்டால் உதடு பிளக்கும், 'கிரகணம் பிடிக்கிற' நேரத்திலிருந்து 'விடுகிற' நேரம் வரைக்கும் எச்சில்கூட முழுங்காமல் இருந்தால் உத்தமம். எச்சில் முழுங்காமல் எப்படி இருப்பது என்று அந்த அம்மா சொல்லவில்லை. என் அம்மாவும் கேட்கவில்லை. பெண்ணைக் கொடுத்த இடம், கேள்வி கேட்க வாய் வராது. எல்லாவற்றுக்கும் "சரிங்க மதினி, சரிங்க மதினி" என்று தலையாட்டிக்கொண்டே இருந்தாள், போனில் தலையாட்டுவது தெரியாது என்பதையும் மறந்து.

காலை பதினொரு மணிக்கு மேல் பிடித்தது. பிற்பகல் மூன்று மணிக்கு மேல்தான் விடும். வெயில் நேரம், ஆஸ்பெஸ்டாஸ் கூரை, அடைத்த அறை, உள்ளே ஒரு பிள்ளைத்தாச்சி. ஒரு மணி நேரம் போவதற்குள்ளேயே அக்காவுக்கு நாக்கு வறண்டுவிட்டது. முதலில் என்னிடம் கேட்டாள். நான் கதவைத் தட்டினேன். பிறகு அவளே கேட்டாள். "அம்மா, ஒரே ஒரு வாய் தண்ணி தாம்மா" என்று அவள் கெஞ்சியதும், கதவுக்கு அந்தப் பக்கமிருந்து அம்மா, "இன்னுங் கொஞ்ச நேரந்தான் ஆத்தா, விட்டுரும்" என்று அழுதுகொண்டே சொன்னதும் இப்போதும் காதிலேயே நிற்கிறது. அழத் தெரிந்தவளுக்குத் தாழ்ப்பாளைத் திறக்கத் தெரியவில்லை. கதவுக்கு வெளியேதான் குடம் இருந்தது, அதற்குள் தர்ப்பையும் போட்டிருந்தது; தர்ப்பை போட்ட தண்ணீருக்குத் தீட்டில்லை என்றால் அதைக் குடிப்பதற்கு மட்டும் என்ன வந்தது? இந்தக் கேள்வி அன்றைக்கே எனக்கு வந்தது, கேட்டேன், வாயை மூடு என்றார்கள்.

இன்னொரு கூத்தையும் சொல்லிவிடுகிறேன். கதவுக்கு அந்தப் பக்கம், முன்னறையில், எங்கள் தெருப் பெண்கள் அத்தனை பேரும் கூடி உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார்கள். டிவியில் என்ன ஓடிக்கொண்டிருந்தது தெரியுமா? தனுஷ்கோடியிலிருந்து சூரிய கிரகணம், நேரடி ஒளிபரப்பு! எங்கள் வீட்டுக் கூரைக்கு மேலே நடந்துகொண்டிருந்ததை, எங்கோ இருக்கிற நிலையத்துக்குப் போய்த் திரும்பி வந்த படமாக, கதவு சன்னலை அடைத்துக்கொண்டு, ஊரே பார்த்தது. "தீவு மக்கள் உற்சாகத்துடன் கண்டு களிக்கிறார்கள்" என்று அதில் ஒரு பெண் சொன்னது எனக்குக் கேட்டது. நாங்களும் அந்தப் பக்கம் போய்ப் பார்க்கிறோமே என்று கேட்டதற்கு, டிவியில் வந்தாலும் கிரகணம் கிரகணந்தான், பிள்ளைத்தாச்சி பார்க்கக்கூடாது என்று தீர்ப்பாகிவிட்டது. அதே நேரத்தில் அக்கினி தீர்த்தக் கடலில் அமாவாசைக்கு வந்த கூட்டம் அந்த வெயிலுக்குக் கீழேதான் முங்கிக் குளித்துக்கொண்டிருந்தது. பாம்பன் பள்ளிவாசலில் கிரகணத் தொழுகை முடித்தவர்கள் வெளியே வந்து அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள். அவர்களை யாரும் பூட்டி வைக்கவில்லை. பூட்டுவதற்கென்று இருந்தது வயிறு பெருத்தவளும் அவளுக்குக் காவலாக ஒரு சிறுமியும்தான்.

எங்கள் கூரையில் சில ஆணித் துளைகள் இருந்தன. மழைக்கு ஒழுகுகிறதென்று அய்யா அவ்வப்போது தார் வைத்து அடைப்பார். அடைத்தும் மூன்று துளைகள் மிச்சம். மற்ற நாட்களில் நடுப்பகலானால் அவற்றின் வழியே மூன்று வட்டமான வெளிச்சக் காசுகள் தரையில் விழும். நான் அவற்றை உள்ளங்கையில் பிடித்து விளையாடுவேன். அன்றைக்குச் சன்னலில் துணி திணித்த அம்மாவுக்குக் கூரையை அண்ணாந்து பார்க்கத் தோன்றவில்லை. அறை அவ்வளவு இருட்டாக இருந்ததால் அந்த மூன்று காசுகளும் வழக்கத்தைவிடப் பளிச்சென்று விழுந்தன. விழுந்தவற்றைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வட்டமாக இருக்க வேண்டிய காசை யாரோ ஒரு ஓரத்தில் கடித்திருந்தார்கள். மூன்றிலும் ஒரே பக்கம், ஒரே அளவுக் கடி.

கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தேன். கடி பெரிதாகிக்கொண்டே போயிற்று. அக்காவின் தோளைத் தட்டிக் காட்டினேன். அவள் தலையைத் திருப்பக்கூடாது என்ற சட்டத்தை மறந்து திரும்பிப் பார்த்தாள். அரைக் காசாயிற்று, பிறைபோல மெலிந்தது, மெலிந்த பிறையின் இரண்டு நுனியும் ஒன்றையொன்று தேடி நீண்டன. சூரியன் நகர நகரக் காசுகளும் ஊர்ந்து, ஒன்று அரிசி மூட்டையில் ஏறியது, ஒன்று தரையிலேயே நின்றது, ஒன்று பாயில் ஏறி அக்காவின் பச்சைப் புடவைக்கு வந்து, அவளுடைய வயிற்று மேட்டில் போய் உட்கார்ந்தது. அப்போதுதான் நுனிகள் சேர்ந்தன. மூன்று வளையம்! நடுவில் இருட்டு, சுற்றிலும் வெளிச்சம், பெண்பிள்ளைகள் போடுகிற கண்ணாடி மோதிரம் மாதிரி. உலகமெல்லாம் கப்பலேறி வந்து தேடிய வளையம் என் அக்காவின் வயிற்றின் மேல் இருந்தது. உள்ளே பிள்ளை உதைத்தது, வளையம் துள்ளியது.

அக்கா முதலில் பயந்தாள். மூச்சுவிடாமல் அதையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சத்தம் வெளியே கேட்காமல் வாயைப் பொத்திக்கொண்டு, வயிறு குலுங்க, வளையமும் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். "ஏய், நம்மளை வெளிய விடலைன்னதும் அதுவே உள்ள வந்துருச்சுடி" என்றாள். பத்து நிமிடம்போல வளையம் அப்படியே இருந்தது. அந்தப் பத்து நிமிடமும் அவள் தண்ணீர் கேட்கவில்லை.

எங்கள் ஆட்களின் புத்திசாலித்தனத்தை இங்கேதான் மெச்ச வேண்டும். வெளியே வாசலில் நின்றிருந்தால் எங்களுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. வெறும் கண்ணால் சூரியனைப் பார்க்க முடியாது, பார்க்கவும் கூடாது. சன்னலைத் திறந்து போட்டிருந்தால் அந்தக் காசுகள் வெளிச்சத்தோடு வெளிச்சமாக மங்கிப்போயிருக்கும். கிரகணம் உள்ளே வந்துவிடக்கூடாதென்று இண்டு இடுக்கெல்லாம் தேடி அடைத்தார்கள் பாருங்கள், அந்த அடைப்புதான் அதைக் கொண்டுவந்து வயிற்றின் மேலேயே வைத்தது. சிறு துளையும் இருட்டறையும் இருந்தால் சூரியன் தன் படத்தைத் தானே வரைந்துகொள்ளும் என்று பிறகு பாடப் புத்தகத்தில் படித்தபோது, வகுப்பிலேயே நான் சிரித்துவிட்டேன்.

மூன்று மணிக்கு மேல் கதவைத் திறந்தார்கள். அக்கா செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தாள்; குடிக்கும் முன்னால் தலைக்குக் குளிக்க வேண்டும் என்று அம்மா சொன்னதைக் காதிலேயே வாங்கவில்லை. சாயங்காலம் அய்யா வந்தார். தனுஷ்கோடியில் கூட்டம் எப்படி, வெள்ளைக்காரர்கள் எப்படிக் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தார்கள், வெயில் எப்படி ஒரு மாதிரி மங்கிக் குளிர்ந்தது என்றெல்லாம் சொன்னார். வளையம் எப்படி இருந்தது அய்யா என்று கேட்டேன். அவர் பார்க்கவில்லையாம். பயணிகளெல்லாம் அண்ணாந்து நின்ற நேரத்தில் இவர் வேனுக்குள் உட்கார்ந்து தலையில் துண்டைப் போட்டுக்கொண்டாராம். பார்த்தால் ஆகாது என்று! யாரோ ஒருவர் இரக்கப்பட்டுக் கொடுத்த, அட்டைச் சட்டம் வைத்த கறுப்புக் கண்ணாடியை மடிப்புக் கலையாமல் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தார். எல்லாரும் சாப்பிட்டுப் போன பிறகு எனக்கு மட்டும் இலை போட்டது போல இருந்தது. அதைப் போட்டுக்கொண்டு மேற்கே விழுகிற சூரியனைப் பார்த்தேன். முழுசாக இருந்தது.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் மச்சான் போன் செய்தார். அக்காவுக்கு மனதில் எதையும் ஒளிக்கத் தெரியாது. வளையம் வயிற்றில் வந்து விழுந்ததையும், பிள்ளை உதைத்ததும் அது துள்ளியதையும், யாருக்கும் கிடைக்காதது தனக்குக் கிடைத்ததையும் சிரித்துச் சிரித்து அவரிடம் சொன்னாள். அவரும் அதைத் தன் அம்மாவிடம் சிரித்துக்கொண்டேதான் சொல்லியிருப்பார். அந்தப் பக்கம் யாரும் சிரிக்கவில்லை.

மூன்று வாரம் கழித்துப் பெண் குழந்தை பிறந்தது. நல்ல எடை, நல்ல நிறம், தலை நிறைய முடி. மேல் உதடு மட்டும் மூக்கு வரைக்கும் பிளந்திருந்தது.

சொல்ல வேண்டுமா? 'வெளிச்சம் பட்டால் உதடு பிளக்கும்' என்று சொன்ன அம்மா வந்து, இரண்டடி தள்ளி நின்று பிள்ளையைப் பார்த்தார். கையில் வாங்கவில்லை. படித்துப் படித்துச் சொன்னேனே, கேட்டாளா, வயிற்றில் வாங்கிக்கொண்டு சிரித்தாளாமே என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி பேசினார். பிள்ளைக்கு உதடு சரியாகட்டும், அப்புறம் வந்து கூட்டிக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டு மச்சானையும் கையோடு அழைத்துக்கொண்டு போனார். உதடு சரியாகாவிட்டால் என்ன என்று யாரும் கேட்கவில்லை, எல்லாருக்கும் புரிந்தது. அக்கா புருசன் வீட்டுக்குத் திரும்பிப் போவதா, பிறந்த வீட்டிலேயே பிள்ளையோடு கிடப்பதா என்பது அந்த அரை அங்குலப் பிளவில் வந்து நின்றது.

அவர்களாவது வேற்று மனுசர்கள். எங்கள் வீட்டில் என்ன நடந்தது தெரியுமா? அம்மா அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து, "வளையம் விழுந்தப்பக் கையை வச்சாவது மறைச்சிருக்கக் கூடாதா?" என்று கேட்டாள். கையை அசைக்கக்கூடாதென்று சொன்னவளே அவள்தான்! அய்யா மறுநாள் ஏணியைப் போட்டுக் கூரையில் ஏறி, மிச்சமிருந்த மூன்று துளைகளையும் தார் வைத்து அடைத்தார். கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அந்த ஏணியைப் பிடுங்கி எறிய வேண்டும் போல இருந்தது. பிளந்த உதட்டால் பிள்ளைக்குச் சப்பிக் குடிக்க வரவில்லை. பாலைப் பீய்ச்சி, 'பாலாடை' என்று நாங்கள் சொல்கிற மூக்கு வைத்த சின்னக் கிண்ணத்தில் எடுத்து, சொட்டுச் சொட்டாக வாயில் விட வேண்டும், பாதி பிளவு வழியே வெளியே வழிந்துவிடும், துடைத்துவிட்டு மறுபடி விட வேண்டும். இரவும் பகலும் அதுதான் அக்காவின் வேலை. தண்ணீர் இல்லாமல் நாலு மணி நேரம் கிடந்தவள்மேல், சொன்னதையெல்லாம் ஒன்று விடாமல் கேட்டவள்மேல் பழி வந்து விழுந்தது. கேட்காமலே இருந்திருந்தால் தாகத்திலிருந்தாவது தப்பித்திருப்பாள்.

நாலாம் மாதம் மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் உதட்டைச் சேர்த்துத் தைத்தார்கள். அய்யாவும் கூடப் போயிருந்தார், நானும் போயிருந்தேன். தைப்பதற்கு முந்தின நாள் அய்யா டாக்டரம்மாவிடம் தயங்கித் தயங்கி, கிரகண வெளிச்சம் பட்டதால்தானே இப்படி என்று கேட்டார். அந்த அம்மா எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டு, அன்றைக்கு உங்கள் பெண்ணுக்கு எத்தனை மாதம் என்று கேட்டார். ஒன்பது என்றார் அய்யா. பிள்ளைக்கு உதடு சேருவது வயிற்றில் இரண்டாம் மாதத்திலேயே, சேராவிட்டால் அப்போதே சேராது, ஏன் என்பதற்குப் பல காரணம் இருக்கலாம், பல சமயம் காரணமே தெரியாது, ஆனால் கிரகணத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்றார். நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த வளையம் வந்து அக்காவின் வயிற்றில் உட்கார்ந்தபோது உள்ளே அந்த உதடு பிளந்து ஏழு மாதம் போல ஆகியிருந்தது. அய்யா இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். டாக்டரம்மா இன்னொரு தரம் சொன்னார். வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்த அய்யா தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார், வெகு நேரம்.

தையல் ஆறியதும் மாமியாரும் மச்சானும் வந்தார்கள். இந்தத் தடவை அந்த அம்மா பிள்ளையைக் கையில் வாங்கி, வாசல் வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, அடையாளமே தெரியவில்லையே என்று சந்தோசப்பட்டு, சாமானை எடுத்து வை, வண்டிக்கு நேரமாகிறது என்று அக்காவிடம் சொன்னார். நடந்ததற்கு ஒரு வார்த்தை கிடையாது. அம்மா உடனே காப்பி போட ஓடினாள். அக்கா எழுந்திருக்கவில்லை.

"அத்தை, கிரகணத்தன்னைக்கு நம்ம செனை ஆடு எங்கன நின்னுச்சு?" என்று கேட்டாள். அங்கே இருந்தபோது அவளே குழை ஒடித்துப் போட்டு வளர்த்த ஆடு அது.

"எங்கன நிக்கும், காட்டுல மேஞ்சுச்சு" என்றார் மாமியார்.

"குட்டி எப்படி இருக்கு?"

"ரெண்டும் கிடா, துள்ளிக்கிட்டுத் திரியுது. அதுக்கென்ன இப்ப? ஆடும் நீயும் ஒண்ணா?"

"ஒண்ணில்லை அத்தை," என்றாள் அக்கா. "ஆட்டுக்கு அன்னைக்குத் தண்ணி கெடைச்சுச்சு."

அவள் குரலை உயர்த்தவே இல்லை. அந்த அம்மா பிள்ளையை அக்காவின் மடியில் வைத்துவிட்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். டாக்டரம்மா சொன்னதை அய்யா முதல் முறையாகச் சம்பந்தி வீட்டாரிடம் வாய் திறந்து சொன்னார், இரண்டு தரம் சொன்னார், அவருக்கு அதை இரண்டு தரம் சொல்லித்தான் பழக்கமாகியிருந்தது. மச்சான் அன்றைக்கும் பேசவில்லை. பையை மட்டும் எடுத்து வெளியே வைத்தார். அக்கா போனாள். அங்கேதான் இன்னும் இருக்கிறாள், நன்றாகத்தான் இருக்கிறாள். ஆனாலும் கறிக்கு உப்புக் கூடினால்கூட 'கிரகணத்தை வயித்துல வாங்குனவதானே' என்று ஒரு சொல் அந்த வீட்டில் பல வருஷம் நடமாடிக்கொண்டிருந்தது. பிள்ளைக்குத் தர்ஷினி என்று பேர் வைத்தோம். பள்ளிக்கூடத்தில் சில காலம் அவளுக்குக் 'கிரகணம்' என்று பேர். அதைக் கேட்டு நான் அழுதேன், அவள் அழவில்லை.

இப்போது எல்லாம் மாறிவிட்டது என்கிறார்கள். மாறித்தான் இருக்கிறது. தனுஷ்கோடிக்கு வழவழவென்று தார்ச்சாலை வந்து, மணலில் ஓடிய வேன்கள் போன இடம் தெரியவில்லை. அய்யா ஆட்டோ ஓட்டுகிறார், திதி கேட்பதில்லை. எங்கள் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போய்க் காங்கிரீட் வந்துவிட்டது. இனி வளையம் வந்தாலும் உள்ளே நுழைய ஒரு துளை கிடையாது. பாலாடை கேட்டால் கடையில் வேறெதையோ எடுத்துக் காட்டுகிறார்கள். போக வேண்டியதும் போக வேண்டாததும் எல்லாம் போயிற்று, கதவைச் சாத்துகிற கை மட்டும் போகவில்லை. நான் இப்போது எட்டு மாதம், பிரசவத்துக்கு அதே வீட்டுக்கு வந்திருக்கிறேன். சென்ற மாசிப் பௌர்ணமியன்று சந்திர கிரகணம். இந்த முறை பூமி நடுவில் நின்று நிலாமேல் நிழலை விழவைக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். பிற்பகலிலிருந்தே அம்மா சன்னல்களைச் சாத்திக்கொண்டு வந்தாள். கையில் தர்ப்பை! எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இத்தனை பட்ட பிறகுமா என்று கத்தினேன். அம்மா அடுத்த சன்னலையும் சாத்தினாள்.

அந்த நேரத்தில் முதுகுளத்தூர்ப் பக்கமிருந்து தர்ஷினி போன் செய்தாள். பதினொன்றாம் வகுப்புப் படிக்கிறாள். மேலுதட்டில் ஒரு மெல்லிய கோடு உண்டு, சிரித்தால் அது தெரியாது. "சித்தி, மாடிக்குப் போங்க, நானும் அம்மாவும் இங்கன மாடியிலதான் நிக்கிறோம்" என்றாள். அப்பத்தா எங்கே என்று கேட்டேன். கீழே கதவைச் சாத்திக்கொண்டு டிவியில் பார்க்கிறது என்றாள்.

மாடிக்குப் போனேன். சூரியன் விழுந்து வெளிச்சம் இன்னும் முழுசாகப் போகவில்லை. தென்னைகளுக்கு மேலே நிலா எழுந்தபோது ஒரு ஓரம் மட்டும் மங்கிய செம்பு நிறத்தில் இருந்தது, மீதியெல்லாம் வெளுத்துவிட்டிருந்தது. படியில் காலடிச் சத்தம் கேட்டது. அம்மா வந்து, நிலாவுக்கு முதுகைக் காட்டி என் முன்னால் நின்றாள். கையில் செம்பு.

"குடி" என்றாள்.

குடித்தேன். பாதி குடித்ததும் கேட்டுவிட்டேன். கேட்காமல் இருக்க என்னால் முடியவில்லை. "இதை அன்னைக்கு அக்காவுக்குக் குடுத்துருக்கலாம்லம்மா?"

"செம்பைக் கையில வச்சுக்கிட்டுத்தான் கதவுகிட்ட நின்னேன்" என்றாள் அம்மா. "விடுற வரைக்கும் நின்னேன்."

மீதியையும் குடித்துவிட்டுச் செம்பைத் திருப்பிக் கொடுத்தேன். அம்மா அதை வாங்கிக்கொண்டு அப்படியே நின்றாள், திரும்பி நிலாவைப் பார்க்கவுமில்லை, கீழே இறங்கிப் போகவுமில்லை.